பிடுங்காமல் விட்ட வயர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பிளக்கிலிருந்து. மனத்தின் ஆழம், கற்பனையின் ஊற்று என்றெல்லாம் சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. அந்தப் பிளக் இப்போது என் மேஜைமேல் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேஜை என்றால் மடக்கினால் படுக்கையாகிவிடும் பலகை. பிளக்கின் மூன்று கால்களில் ஒன்று வளைந்திருக்கிறது.

நான் வண்டியில் குடியிருப்பவள். அடுப்பு, படுக்கை, கழிவறை எல்லாம் என் வேனுக்குள்ளேயே இருக்கின்றன. வேறு வீடு கிடையாது. எனக்கு முன்னால் இதைவிடப் பெரிய வண்டிவீட்டில் லவோன் போவாள், அவள் பின்னாலேயே நான் போவேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள் அவள். பர்வதம் என்ற என் பெயர் அவள் வாயில் நுழையாமல் பர்வா ஆகிவிட்டது. பல வருஷமாக இப்படித்தான் ஊர் ஊராகப் போகிறோம். குளிர் வந்தால் தெற்கே அரிசோனா, வெயில் ஏறினால் வடக்கே.

கதை அவளுடையது. எழுதுவதற்கு அனுமதி கேட்டேன். "என்னை ஒல்லியா எழுது," என்றாள். எழுதிவிட்டேன், லவோன் ஒல்லி.

2

முதல் வரிக்காக நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் பாருங்கள்.

அக்டோபர் மாதத்தின் பொன்னிற வெயிலில் நெப்ராஸ்காவின் சோள வயல்கள்—

(விட்டுவிட்டேன். நெப்ராஸ்காவில் பிறந்த எவரும் சோள வயலை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.)

லவோன் தன் வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை, ஆனால் அன்று தன் தங்கையிடம்—

(உண்மைதான். ஆனால் முடிச்சை முதல் வரியிலேயே அவிழ்த்துவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.)

சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம் என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்கள் முகமல்ல, வாசல் தளத்தின் சரிவு.

(இது நிற்கும்.)

சரிவு அதிகமென்றால் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்க வேண்டும், இல்லையென்றால் இரவெல்லாம் தலைகீழாகத் தூங்குவோம். அதற்கடுத்து நாங்கள் பார்ப்பது கரன்ட் எங்கே இருக்கிறது என்பதை. வண்டியிலிருந்து கட்டை விரல் தடிமனில் ஒரு வயரை இழுத்து அந்த வீட்டுச் சுவரில் சொருகினால், நாங்கள் வந்துவிட்டோம் என்று அர்த்தம். அவர்கள் மேஜையில் சாப்பிடுவோம், பாத்திரம் கழுவிக் கொடுப்போம், பிறகு வாசலுக்கு வந்து எங்கள் படுக்கையில் படுத்துக்கொள்வோம். "உள்ளே படுங்களேன்" என்பார்கள். "எதற்குத் தொந்தரவு" என்போம். நாங்கள் யாருக்கும் பாரமில்லை என்பதில் எங்களுக்கு ஒரு கர்வம் உண்டு. நியூஜெர்சியில் என் மகன் இருக்கும் அடுக்குமாடியில் வண்டி நிறுத்த இடமில்லை. அதனால் எங்களுக்குள் தொலைபேசியில் பாசம் அதிகம்.

3

இனி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம். லவோனின் கண் போய்க்கொண்டிருக்கிறது. நேர்கோடு வளைந்து தெரிகிறது, பார்வையின் நட்டநடுவில் ஒரு கறை. ஓரக்கண்ணால் பார்த்தால் கொஞ்சம் தெரியும். இந்தப் பயணத்தோடு ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். நிறுத்திவிட்டு எங்கே போவாள்? அவளுக்கு இருப்பது ஒரே தங்கை, நாடின்.*

"உன் தங்கச்சிகிட்ட கேளு," என்றேன்.

"கேக்கத்தான் போறேன். நீ மட்டும் முந்திக்கிட்டு கண்ணைப் பத்தி அவகிட்ட ஒளறுன, உன் டயர்ல காத்து இருக்காது."

"கேக்கறதுக்கு என்ன பயம் உனக்கு?"

"முப்பத்தெட்டு வருஷம் அடுத்தவங்க புள்ளைங்கள ஏத்தி எறக்கியிருக்கேன், பர்வா. என்னை யாரும் ஏத்தி எறக்குனதில்ல."

(* தமிழில் எழுதுவதால் நாடின் வாயில் 'அக்கா' என்று ஒரு சொல்லை வைக்க ஆசையாக இருந்தது. வைத்தால் கதை சட்டென்று உருகும். ஆனால் அவள் கூப்பிடுவது 'வோனி' என்றுதான். லவோன் அவளைக் 'குட்டி' என்பாள். குட்டிக்கு வயது அறுபத்து நான்கு. இருப்பதை வைத்து உருக்குவோம்.)

4

நெப்ராஸ்காவில் நாடினின் கணவன் வெண்டல் வீட்டு வாசலில் நின்று, லவோன் வண்டியைப் பின்னுக்கு எடுக்க இரண்டு கையாலும் வழிகாட்டினான்.

"இடது பக்கம், இடது பக்கம். உன் இடது இல்ல, என் இடது."

"ஒரு கைய மட்டும் ஆட்டு வெண்டல். ரெண்டையும் ஆட்டுனா ஏரோப்பிளேன்னு நெனச்சுப் பறந்துருவேன்."

நாடின் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். அக்காவை மேலும் கீழும் பார்த்தாள்.

"எளைச்சிட்ட."

"எளைச்சதெல்லாம் உன்கிட்டதான் வந்து சேந்திருக்கு போல."

இந்தக் குடும்பத்தில் கட்டிப்பிடிப்பது என்பது இதுதான். லவோன் வயரைச் சுருள் பிரித்துக்கொண்டு கராஜை நோக்கி நடந்தாள். நாடின் குறுக்கே வந்து நின்றாள்.

"அவன்கிட்ட குடு. உள்ள கால் வைக்க முடியாது, அவ்வளவு குப்பை."

"எப்பவும் நான்தானே சொருகுவேன்."

"இந்தத் தடவ அவன் சொருகட்டும். கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு வேல செய்யல."

வெண்டல் கராஜ் கதவை ஒரு சாண் மட்டும் தூக்கி வயரை உள்ளே தள்ளினான். பிறகு வீட்டுக்குள் போய்ச் சுற்றி வந்து சொருகினான். கதவு அந்த ஒரு சாணிலேயே நின்றது.

(மேலே உள்ள பத்தியை மறக்காதீர்கள். இவ்வளவு வெளிப்படையாக எந்தக் கதைக்காரியும் உங்களிடம் சொல்லமாட்டாள்.)

5

லவோன் கோட்டைக் கழற்றிப் போட விருந்தினர் அறைக்குப் போனாள். நான் அவள் பின்னால் நின்றேன். கட்டில் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு மடக்கு மேஜையும், அதன்மேல் துண்டு துண்டாய்ப் பாதி சேர்த்த கலங்கரை விளக்கப் படப்புதிரும்தான் இருந்தன.

"கட்டில் எங்க, குட்டி?"

"தூக்கியாச்சு. யாரு படுக்கறா அதுல? நீ வரும்போதெல்லாம் விரிப்ப மாத்தி வைப்பேன். நீ போனப்பறம் பாத்தா சுருக்கம்கூட விழுந்திருக்காது."

"அதுவும் சரிதான்," என்றாள் லவோன். "எனக்குத்தான் வெளிய கட்டில் நிக்குதே."

சாப்பாட்டுக்கு இறைச்சியும் பீன்ஸும் போட்ட காரக்குழம்பு. அதோடு இலவங்கப்பட்டை தூவிய இனிப்பு ரோல். இந்த ஊரில் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சாப்பிடுவார்கள். ரோலைக் குழம்பில் முக்கித் தின்று நானும் கெட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது. எல்லோரும் சிரித்துப் பேசினோம். லவோன் எதையும் கேட்கவில்லை.

பாத்திரம் கழுவும்போது அவள் காதருகே போய், "கேக்கலையா?" என்றேன்.

"எங்க படுக்கறதுன்னு கேக்கறது? கலங்கரை விளக்கத்து மேலயா?"

6

முதல் பிரதியில் நாடினைக் கல்நெஞ்சக்காரியாக எழுதியிருந்தேன். கதைக்கு அது வசதி. மூத்தவள் பாவம், இளையவள் மோசம் என்று வைத்துவிட்டால் நீங்களும் நானும் நிம்மதியாக ஒரு பக்கம் சாய்ந்துகொள்ளலாம்.

ஆனால் மறுநாள் காலையில் அவளுடைய சமையலறையில் நான் உட்கார்ந்திருந்தபோது, தலைக்கு மேலே விளக்கு மங்கியது. பழைய வீடு. கராஜுக்கும் சமையலறைக்கும் ஒரே கரன்ட் லைன்.

"எழுந்துட்டா," என்றாள் நாடின், திரும்பாமல். "ஹீட்டர் போடுறா. இன்னொரு தரம் மங்குனா காப்பி."

இன்னொரு தரம் மங்கியது. உடனே அடுப்பிலிருந்து ரோலை எடுத்து லவோனுக்கான தட்டில் வைத்தாள்.

"அவ கெளம்புன மறுநாளு இந்த லைட்டு அசையாம எரியும், பர்வா. கண்ணு கூசும். எனக்குப் பிடிக்காது."

"அவகிட்ட சொல்லேன்."

"என்னன்னு? இங்கயே இருன்னா? வீட்டுக்குள்ள ஒரு ராத்திரி படுக்க மாட்டேங்கறா. நான் கேட்டு அவ மாட்டேன்னு சொன்னா அப்பறம் அடுத்த வருஷம் வாசலுக்குக்கூட வரமாட்டா."

நான் வாயை மூடிக்கொண்டேன். டயருக்காக மட்டுமல்ல. மற்றவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று ஒருத்தி பயப்படுகிறாள், இன்னொருத்தியும் அதற்கே பயப்படுகிறாள். நடுவில் நான் போய் நின்று 'இரண்டு பேருமே ஆமாம் என்பீர்கள்' என்று அறிவித்தால், அக்காளும் தங்கையும் ஒன்று சேர்ந்து மறுத்துவிடுவார்கள். பிடிவாதத்தில் அவர்கள் ஒரே அச்சு.

7

அந்தத் தெருச் சங்கத்தின் விதிப்படி வாசலில் வண்டிவீடு மூன்று இரவுக்கு மேல் நிற்கக்கூடாது. ஆகவே நான்காம் நாள் காலை கிளம்பினோம். நான் என் வேனைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, லவோன் வெளியே வருவதற்காகக் காத்திருந்தேன்.

கிளம்புமுன் வண்டியைச் சுற்றிவருவது எங்களுக்கெல்லாம் பழக்கம். லவோன் அதை பஸ் ஓட்டிய காலத்திலேயே கற்றவள். ஒவ்வொன்றிலும் கை வைப்பாள், அதன் பெயரைச் சத்தமாகச் சொல்வாள். அப்போதுதான் வண்டியை எடுப்பாள். அன்றும் சுற்றினாள். கண்ணாடிக்குள் இருந்த எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உதடு தெரிந்தது. படி. டயர். தண்ணீர்க் குழாய். கூரை ஏணி. பின் டயர்.

பிறகு வயர். அதன்மேல் கை வைத்தாள். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. உதடு அசையவில்லை. கையை எடுத்துக்கொண்டு போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள்.

நாடின் கராஜ் கதவருகே நின்றிருந்தாள். வயர் அவள் செருப்பை உரசிக்கொண்டு கதவுக்கு அடியில் உள்ளே போயிற்று. குனிந்து பார்த்தாள். காலைத் தூக்கி வயரைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றாள். கையை உயர்த்தி, போய் வா என்று அசைத்தாள்.

என் ஹாரன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் அடிக்கவில்லை. அதற்காக எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

8

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. லவோன் வயரைப் பார்க்கவில்லை. கண்ணின் நடுவில் இருந்த கறை அதை மறைத்துவிட்டது. (சுத்தமான முடிவு, டாக்டர்களுக்குப் பிடிக்கும். ஆனால் கை வைத்தாளே?)

ஆ. லவோன் வேண்டுமென்றே விட்டாள். வாயால் கேட்க முடியாததை அந்த—

(இதற்கு மேல் எழுதினால் விளக்கவுரை ஆகிவிடும்.)

இ. நாடின் கத்துகிறாள்: "வோனி, வயர்." லவோன் இறங்கிப் பிடுங்கிச் சுருட்டி உள்ளே வைக்கிறாள். "நல்லவேள பாத்த, குட்டி." அரிசோனா. அடுத்த வருஷம் அவள் வரமுடியாது, ஏன் என்று தங்கைக்குத் தெரியாது.

(மூன்றாவதை எழுதி முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. தாளைக் கிழித்து அடுப்பைப் பற்றவைத்தேன். அதே அடுப்பில் போட்ட டீ நன்றாக இருந்தது.)

9

நடந்தது இது.

வண்டி நகர்ந்தது. வயர் தரையில் நெளிந்து, நீண்டு, விறைத்தது. கராஜுக்குள் ஏதோ முறிகிற சத்தம், கண்ணாடியைத் தாண்டி எனக்கே கேட்டது. சமையலறை விளக்கு அணைந்தது. வண்டி பாதி தெருவிலும் பாதி வாசலிலுமாக நின்றது.

வெண்டல் கையை உயர்த்தி எல்லோரையும் நிற்கச் சொல்லிவிட்டு, கரன்டை அணைக்க வீட்டுக்குள் ஓடினான். திரும்பி வந்து, சுவர் என்ன ஆனது என்று பார்க்கக் கராஜ் கதவை முழுக்கத் தூக்கினான்.

உள்ளே குப்பை இல்லை. ஒரு காகிதம்கூட இல்லை, தரை கழுவி விட்டதுபோல் இருந்தது. சுவரிலிருந்து பெயர்ந்த பிளக் பெட்டி தொங்கியது. அதற்குப் பக்கத்தில் பாலிதீன் சுற்றிய மெத்தை சாய்ந்து நின்றது. கழற்றிய கட்டிலின் பலகைகள் அதன் பக்கத்தில். கட்டிலின் திருகாணிகளைப் போட்ட ஜாம் பாட்டில் ஒரு பலகையோடு சேர்த்துக் கட்டியிருந்தது.

லவோன் இறங்கி வந்தாள். பிளக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. மெத்தைக்கு மிக அருகே போய், அவள் இப்போது பார்க்க வேண்டிய விதத்தில், தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்படிச் சாய்ந்த தலையை நாடினும் பார்த்தாள். விடை கொடுக்க உயர்த்திய கையை இறக்கிவிட்டு அருகே போனாள்.

லவோன் மெத்தைமேல் கை வைத்தாள், டயரில் வைப்பதுபோல. அவள் உதடு அசைந்தது. பிறகு நாடினின் உதடு.

கண்ணாடியை இறக்கியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். நான் இறக்கவில்லை. பிறகு அவர்களிடம் விசாரிக்கவும் இல்லை. பிளக்கை வெண்டல் கொண்டுவந்து, "நீ எழுதறவளாச்சே, வச்சுக்க," என்று என் கையில் கொடுத்தான். அவன்கூட அந்தப் பேச்சைச் சொல்லவில்லை. ஆகவே இது உங்கள் வேலை.

லவோன்: 

நாடின்: 

இரண்டு இடத்தையும் நிரப்புங்கள். ஒரே ஒரு நிபந்தனை, நீளமாக எழுதிவிடாதீர்கள். இந்தக் குடும்பத்தில் யாரும் அவ்வளவு பேசமாட்டார்கள்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லி நிறுத்துகிறேன். வெண்டல் ஜாம் பாட்டிலின் மூடியைத் திறந்து திருகாணிகளைக் கையில் கொட்டிக்கொண்டு, ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தான். நான் என் வண்டியை அணைத்தேன்.