எட்டிப் பார்க்காத நாணல்காடு

கைக்குழந்தையைத் தோளில் சாய்த்து, ஏப்பம் வரட்டும் என்று முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார் கணக்கெடுப்பாளர். ஏரிச் சரணாலயத்தில் எந்தப் பறவை எங்கே கூடு கட்டுகிறது என்று தேடிப் பார்த்து எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அதை வைத்துத்தான் எந்தப் புதரை வெட்டலாம், எதை விடலாம் என்று அதிகாரி முடிவு செய்வார்.

"தட்டுறீங்களா, தாளம் போடுறீங்களா மாமா?" என்று கேட்டபடி உள்ளே நுழைந்தான் மனைவியின் தம்பி. நாணல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டுபவன் அவன். "இன்னிக்கு நடு ஏரி நாணலை மொத்தமா வழிச்சு எடுக்கச் சொல்லிட்டாங்க. தண்ணி தெரிஞ்சா நிறைய பறவை வந்து இறங்குமாம். நீங்கதான் அங்க கூடே இல்லைன்னு எழுதிட்டீங்களே!"

கணக்கெடுப்பாளர் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் விழித்தார். கரையோரம் முழுவதையும் ஒழுங்காகப் பார்த்தவர்தான். படகை நாணலுக்குள் விடும் நேரத்தில், மனைவிக்கு வலி கண்டுவிட்டது என்று செய்தி வந்தது. விழுந்தடித்து ஓடினார். அதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு பிறகு நடந்தது. மறுபடி போகச் சோம்பல்பட்டு, அங்கே என்ன இருந்துவிடப் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "உள்ள போய்ப் பார்க்கலதானே?"

"இப்போ போய்ச் சொன்னா வேலையே போயிடும்மா."

"போனா போகட்டும். அங்கயும் என்னை மாதிரி ஒருத்தி உக்காந்திருந்தா?" அவள் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள். "கிளம்புங்க."

மைத்துனனோடு ஏரிக்குப் போனார். கரையில் அதிகாரி அம்மா நின்றிருந்தார்.

"மேடம், நடு ஏரிக்குள்ள நான் போகவே இல்ல. பார்த்த மாதிரி எழுதிட்டேன்."

அந்த அம்மாவின் முகம் சிவந்தது. ஆனால் திட்டவில்லை. "படகுல ஏறுங்க" என்றார்.

நாணலை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். மடிந்து கிடந்த நாணல் தண்டுகளின் மேல் ஒரு தாழைக்கோழி உட்கார்ந்திருந்தது. படகைக் கண்டும் அது எழவில்லை. சிறகுக்கடியிலிருந்து கறுப்புக் குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. சற்றுத் தள்ளி இன்னொரு கூடு, அதற்கப்பால் மற்றொன்று. ஏரி நடுவே ஒரு பிரசவ வார்டே இருந்தது. கணக்கெடுப்பாளருக்கு அழுகை வந்துவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"குஞ்சுங்க பெரிசாகிப் பறக்கிற வரைக்கும் இங்க யாரும் கை வைக்க வேண்டாம்" என்றார் அதிகாரி. "வெளி ஓரத்துல கூடு இல்லாத இடமா நீங்களே பார்த்துச் சொல்லுங்க. அங்க மட்டும் வெட்டலாம்."

"அப்போ என் வேலை..."

"வெட்டுறதுக்கு முன்னாடி வந்து சொன்னீங்களே, அதனால தப்பிச்சது." படகு திரும்பியது. அந்த அம்மாவின் குரல் தணிந்திருந்தது. "பொண்டாட்டிக்கு வலின்னு ஓடினதை யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. 'பார்க்கலை'ன்னு எழுதியிருந்தா வேற ஒருத்தரை அனுப்பியிருப்பேன். 'இல்லை'ன்னு எழுதினீங்க, மிஷினை அனுப்பிட்டேன்."