சீதனமாய்ப் பதினொரு துவக்கு

"அப்பா, என்ர சீதனத்தைத் தாங்கோ. கீழ அலுமாரியில இருக்கிற பதினொரு துவக்கும்தான்."

குமர்ப்பிள்ளை தன் வாயால் சீதனம் கேட்கக்கூடாது என்று பெரியம்மா எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறா. கேட்டால் பெத்தவைக்கு வெட்கமாம், பிள்ளைக்கு அந்தரமாம். பெரியம்மா அடுப்படியில்தான் நின்றா. அவவுக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாய்ச் சொன்னேன்.

அப்பா நிமிரவில்லை. சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, துவக்குகளிலிருந்து கழற்றிய, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டுகிற பதினொரு போல்ற்றையும் அதன்மேல் பரப்பி வைத்து, பூதக்கண்ணாடியால் இலக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீதனம் எண்ட சொல்லு இந்த வீட்டுக்குள்ள வரப்படாது எண்டு சட்டம் போட்டது நீதானே, புனிதம்?"

"போட்டனான். இப்ப மாத்துறன்."

"யூனிவேசிற்றியில உதைத்தானோ படிப்பிச்சவை?" என்றா பெரியம்மா.

"இல்லைப் பெரியம்மா. உது உங்களிட்டப் படிச்சது. சீதனம் பொம்பிளைக்குச் சொந்தம், புருஷனுக்கில்லை எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

பெரியம்மா கறியைக் கிளறத் தொடங்கினா.

நான்கு மணிக்கு அலெக்ஸாண்டர் அங்கிள் வானோடு வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அப்பாவோடு அச்சுப் பட்டறையில் வேலை செய்கிறவர். இலையுதிர் காலத்தில் வடக்கே மான் வேட்டைக்குப் போகிற ஒரே தமிழர், எங்களுக்குத் தெரிந்தவரையில். விற்பதற்குக் காரணம் நான்தான். அடுத்த ஞாயிறு ஸ்ரீதரன் வீட்டார் என்னைப் பார்க்க வருகிறார்கள். துவக்குக் கதை எப்படியோ அவர்கள் இருக்கிற அஜின்கோர்ட் வரை போய், அவனுடைய தாய் பெரியம்மாவுக்குப் போன் எடுத்து, "அவை என்ன, இயக்கத்து ஆக்களோ?" என்று கேட்டுவிட்டா. அன்றைக்கே அப்பா விற்பதென்று சொல்லிவிட்டார். என் பட்டத்துக்குச் சட்டம் போட்டு வரவேற்பறையில் தொங்கவிட்டதும் அதே கிழமைதான். எங்கள் பரம்பரையில் முதல் பட்டம். காட்ட வேண்டியதைக் காட்டி, ஒளிக்க வேண்டியதை ஒளித்து, வீடு தயார்.

அப்பா ஒரு வெடிகூட வைத்ததில்லை. வீட்டில் ஒரு தோட்டா கிடையாது. ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையில் பிற்றராய் இருந்த மனிதர், இரும்பைக் கண்டால் நிற்பார். தொண்ணூற்றிரண்டில் கூட வேலை செய்த வெள்ளைக்காரன் ஒருவன் கட்டிக் கிறீஸ் பூசிய பழைய ரஷ்யத் துவக்கு ஒன்றைக் காட்டியிருக்கிறான். அன்றைக்குத் தொடங்கியது, பதினொன்றும் அந்த ரஷ்ய வகைதான். துவக்குக்குப் பயந்து ஓடி வந்த நாங்கள் துவக்குச் சேர்க்கலாமோ என்று நானே முதலில் சண்டை பிடித்தேன். "இதுகளின்ர சண்டை முடிஞ்சுது, பிள்ளை," என்றார்.

துவக்கு வாங்கப் பத்திரம் எடுக்க வேண்டும், அதற்குப் பாதுகாப்பு வகுப்புக்குப் போக வேண்டும். அப்பாவின் இங்கிலீசுக்கு மொழிபெயர்க்கப் போன நான், சும்மா இருப்பானேன் என்று சோதனையை நானும் எழுதினேன். அப்பாவைவிடப் பதினொரு புள்ளி கூட. ரஷ்ய எழுத்து வாசிப்பதற்காகவே யூனிவேசிற்றியில் ஒரு வருஷம் ரஷ்யன் எடுத்தேன். வேறு எவருக்கும் அது தேவைப்படவில்லை.

துவக்கை ஓரிடத்திலும் போல்ற்றை வேறிடத்திலும் பூட்டி வைப்பது அப்பாவின் வழக்கம். ஒவ்வொரு போல்ற்றும் அவர் வேலைச் சப்பாத்துக்குள் காலில் மாட்டுகிற பழைய மேசு ஒன்றுக்குள், வாயில் இலக்கம் எழுதிய துண்டோடு. விற்பதற்கென்று காலையில்தான் வெளியே எடுத்து வைத்தார். வீடு துப்புரவாக்க வந்த பெரியம்மாவுக்குக் கிறீஸ் மணம் பொறுக்கவில்லை. மேசு எல்லாவற்றையும் மெஷினில் போட்டுவிட்டு, போல்ற்றுகளைப் பேசினில் கொட்டி, குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரிப் பழப்புளி போட்டுத் தேய்க்கத் தொடங்கிவிட்டா. அப்பா ஓடிப்போய்ப் பறிப்பதற்குள் இரண்டு பளபளத்துவிட்டன.

"மினுங்கினால் நல்லதெண்டு நினைச்சன்," என்றா. நல்ல மனம்தான். அறுபது வருஷத்து நிறம் போய்விட்டது.

குழலிலும் போல்ற்றிலும் ஒரே இலக்கம் இருந்தால்தான் சேர்க்கிறவனுக்கு அது முழுத் துவக்கு. மாறிப்போனால் வெறும் இரும்பு. ஆகவே பிரித்தெடுக்கத்தான் வேண்டும். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"இந்தக் கரப்பொத்தான் எழுத்து?" அப்பா ஒன்றை நீட்டினார்.

"முப்பத்தெட்டாம் ஆண்டு. இஷெவ்ஸ்க் பக்டறி. மரக்கட்டையில வெடிப்பிருக்கிற துவக்கு."

"இது?"

"தூலா. நட்சத்திரம் அடிச்சது. மேல்தட்டில மூண்டாவது."

"பாக்காமலே சொல்லுறாய்."

"நான்தானே எழுதி வச்சனான்."

அப்பா போல்ற்றைத் துணியில் சுற்றினார். "ஸ்ரீதரன் நல்ல பெடியன், புனிதம்."

அதுதான் எரிச்சல். அவன் கெட்டவனில்லை. மூன்று தரம் போனில் கதைத்திருக்கிறோம், மூன்று தரமும் நான் சிரித்தேன். துவக்கைப் பற்றி நானே நேரே கேட்டேன். "எனக்கொரு பிரச்சினையும் இல்லை. அம்மாவுக்குத்தான். அவ சொல்லுறதையும் பாக்க வேணும்தானே," என்றான். அன்றிரவு அவன் குரலை நினைத்துக்கொண்டுதான் படுத்தேன், கோபத்தோடு.

நாலு மணிக்கு முன்னமே அலெக்ஸாண்டர் அங்கிள் வந்துவிட்டார். மேசையைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன ஜெயரட்ணம் அண்ணை, மீன் சந்தை மாதிரிப் பரப்பி வச்சிருக்கிறியள்?"

"மாறிப்போச்சு. பிரிக்கிறம்."

"சும்மா மினக்கெடாதேங்கோ. எதுக்கு எதைப் போட்டாலென்ன? நான் மரக்கட்டையைப் பாதியில வெட்டி, குழலைக் குறைச்சு, மேல குறிபாக்கிற கண்ணாடி பூட்டப்போறன். இந்த முத்திரை எல்லாம் அரத்தால ஒரு இழுவை. மானுக்கு வாசிக்கத் தெரியுமே?"

பெரியம்மா சிரித்தா. அப்பா சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. கையில் இருந்த போல்ற்றை அதே இடத்தில் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தார்.

"எல்லாத்தையும் வெட்டுவியோ?"

"ரெண்டு எனக்கு. மிச்சம் கூட்டாளிமாருக்கு. ஓம், எல்லாத்தையும்தான்."

"அப்பா," என்றேன். "நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ. என்னட்டயும் பத்திரம் இருக்கு. எனக்குத் தாங்கோ."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "சீதனம் எண்டால் கலியாணத்தோட குடுக்கிறது. நீ உதைச் சீதனமாக் கொண்டு போனால் அவை கலியாணத்துக்குச் சம்மதிக்கமாட்டினம். கலியாணம் இல்லாமல் எந்த அப்பன் சீதனம் குடுத்தவன்? கேக்கிறதெண்டால் முறையாக் கேள்."

"சரி. முறையாவே கேக்கிறன். கலியாணம் நிண்டால் விப்பியளோ?"

"நிண்டால் நான் ஏன் விக்கிறன்?"

கேட்டது அவ்வளவுதான், சொன்னதும் அவ்வளவுதான். அப்பா சொல்லிவிட்டுப் பூதக்கண்ணாடியை எடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் எதையாவது சொல்ல வேண்டி வரும் என்று அவருக்குத் தெரியும்.

நான் எழும்பினேன்.

"அலெக்ஸாண்டர் அங்கிள், குறை நினைக்காதேங்கோ. வானைத் திறக்காதேங்கோ. கலியாணம் இல்லை."

"ஐயோ, என்ன கதை கதைக்கிறாள் இவள்!" பெரியம்மா கரண்டியோடு வந்தா. "ஜெயரட்ணம், பாத்துக்கொண்டு இருக்கிறியே? இந்தப் பழைய இரும்புக்காக ஒரு எக்கவுண்டன்ற் மாப்பிள்ளையை ஆரும் விடுவினமே?"

"இரும்புக்காக இல்லை, பெரியம்மா. இண்டைக்குத் துவக்கு. நாளைக்கு நான் படிச்சது கூடிப்போச்சு எண்டு அவரின்ர அம்மா சொல்லுவா. அதையும் பாக்க வேணும்தானே எண்டு அவர் சொல்லுவார்."

"சரி, பொறு. நானே போன் எடுத்து நைசாச் சொல்லுறன்."

"வேண்டாம். நீங்கள் எனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுவியள். பிறகு சுகமோ எண்டு கேட்டு வருவினம்."

அலெக்ஸாண்டர் அங்கிளுக்குச் சிரிப்பு வந்து, பெரியம்மாவைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "அப்ப நான் என்ன செய்யிறது, அண்ணை?"

"இரு," என்றார் அப்பா. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ. உந்த விளக்கில எனக்கு இலக்கம் தெரியேல்லை, ஒருக்கா வாசி பாப்பம்."

அலெக்ஸாண்டர் அங்கிள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நான் சப்பாத்தைக் கொழுவினேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு, அஜின்கோர்ட்டுக்கு ஒரு தரம் மாறியும் ஏற வேண்டும். போகிற வழியில் என்ன சொல்வது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. தாய்க்குச் சொல்வது ஒரு வசனம், அவனுக்குச் சொல்வது இரண்டு. இரண்டாவது, போனில் அவன் சிரிப்பூட்டியதற்கு நன்றி.

"குடையைக் கொண்டு போ," என்று அப்பா உள்ளேயிருந்து சொன்னார்.

மழை இல்லை. நான் கதவைச் சாத்திவிட்டு நடந்தேன்.