மஞ்சள் கல்லில் தீட்டிய கத்தி

1974 ஆவணி மாதம் வடகரப்பதியில் பதினோரு ஆண்களுக்குத் தாடி வளர்வது நின்றுபோனது. பதினோரு பேரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை சங்கையாவின் சலூனில் சவரம் செய்துகொண்டவர்கள். கடை அடைக்கும் முன் அதே கத்தியால் தனக்கும் வழித்துக்கொண்ட சங்கையாவையும் சேர்த்தால் பன்னிரண்டு. அந்த வருஷம் நிலக்கடலை நன்றாகக் காய்த்தது, வாய்க்காலில் தண்ணீர் இரண்டு வாரம் பிந்தி வந்தது, பன்னிரண்டு பேருக்குத் தாடி வளரவில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள்.

கத்தி தீட்டிய கல்லைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, தேர்ந்தெடுத்தவரைத்தான் சொல்ல வேண்டும். சங்கையா மூணாறு எஸ்டேட்டில் தொழிலாளர் லயங்களில் இருபது வருஷம் சவரம் செய்துவிட்டு, மனைவி பூமாரியோடு கீழே இறங்கி வந்தவர். பூமாரி பிரசவம் பார்ப்பவள். அவள் கைபட்டுப் பிறந்த பிள்ளைகள் இரண்டு ஊருக்குக் காணும். மலையிலிருந்து அவர் கொண்டுவந்த தீட்டுக்கல் தேய்ந்து தேய்ந்து நடுவில் குழி விழுந்துவிட்டது. குழிந்த கல்லில் தீட்டினால் கத்தியின் வாய் உருண்டுபோகும், முடியை வெட்டாமல் பிடுங்கும். தோட்டம் துரவு என்று வசதியாக இருந்த ஈஸ்வரமூர்த்தி ஒருநாள் பாதிச் சவரத்தில் கண் கலங்க எழுந்து, “ஏப்பா சங்கையா, இது சவரமா, கோழி உரிக்கறதா?” என்று கேட்டார். கடையே சிரித்தது. எஸ்டேட் மானேஜர்மாருக்கெல்லாம் வழித்த கை என்று பெருமை பேசிக்கொண்டிருந்த சங்கையாவுக்கு மூக்கு அறுபட்ட மாதிரி ஆகிவிட்டது.

சலூனுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. சங்கையா பஸ் ஏறி கொழிஞ்சாம்பாறையில் பாவாவின் இரும்புக் கடைக்குப் போனார். பாவா மூன்று கற்களைத் துணி விரித்து வைத்தார். கறுப்புக் கல் சொரசொரப்பானது, வாய் உடைந்த கத்திக்கு. தவிட்டு நிறக் கல் நடுத்தரம். மூன்றாவது மஞ்சள் கல், வெண்ணெய் மாதிரி வழவழப்பாக இருந்தது. சங்கையா ஒவ்வொன்றின் மேலும் இரும்புச் சட்டத்தை நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா, பள்ளம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். நகத்தால் கீறினார். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கல் எவ்வளவு நேரத்தில் குடிக்கிறது என்று காத்திருந்தார். கறுப்பு உடனே குடித்தது, தவிட்டுக் கல் மெதுவாகக் குடித்தது. மஞ்சள் கல்லின் மேல் விட்ட சொட்டு, பாவா டீ வரவழைத்து இருவரும் குடித்து முடிக்கும்வரை உருண்டையாகவே நின்றது.

“அண்ணே, தெனப்பாட்டுக்குத் தவிட்டுக் கல்லே தாராளம்” என்றார் பாவா. “மஞ்சக் கல்லு வாப்பா காலத்துலேருந்து இங்கயே கெடக்கு. எடுத்தவங்க எல்லாம் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க.”

“ஏன் திருப்பினாங்க?”

“கேட்டேன். யாரும் சொல்லல.”

வேறு யாராவது என்றால் அங்கேயே யோசித்திருப்பார்கள். சங்கையாவின் காதில் சலூன் சிரிப்புத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. மஞ்சள் கல்லை வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சவரம் போல ஒன்று அந்தப் பக்கத்தில் நடந்ததில்லை. கத்தி கன்னத்தில் போவதே தெரியவில்லை. ஈஸ்வரமூர்த்தி நாற்காலியிலேயே தூங்கிவிட்டார், எழுந்ததும் சங்கையாவின் தோளைத் தட்டிக் கொடுத்தார். மூன்றாம் நாள் யாருக்கும் முள் எட்டிப் பார்க்கவில்லை. பத்தாம் நாளும் இல்லை. அவர்களில் ஒருவரான, கோபாலபுரம் செக்போஸ்டில் வேலை பார்த்த போலீஸ்காரர் தினமும் காலையில் கூடுதலாக அரை மணி நேரம் தூங்கினார். பதினோரு பேரும் சந்தோஷமாகவே இருந்தார்கள். சங்கையா மட்டும் கல்லைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு, தலைமுடி வெட்டிக்கொண்டிருந்தார். தாடி வளராத ஊரில் சலூன் எதற்கு என்று அவருக்கு மட்டும்தானே கவலை.

மார்கழியில் ஈஸ்வரமூர்த்தியின் மனைவி பூவாத்தாள் மாசமாக இருப்பது தெரிந்தது. அதற்கு முன் இரண்டு கலைந்திருந்தன, ஒன்று ஐந்தாம் மாதத்தில். மனைவி பிள்ளை சுமக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது என்பது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஒருவன் தாடியோடு திரிந்தால், வீட்டில் விசேஷமா என்று கேட்பார்கள். ஈஸ்வரமூர்த்தி சேதி தெரிந்த அன்றே சலூன் இருக்கும் தெருவில் நடப்பதை விட்டார். தை போய் மாசியும் வந்தது. முகம் மட்டும் அன்று வழித்த மாதிரியே பளபளத்தது. மற்ற பதினோரு பேரின் முகமும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவர்கள் வீட்டில் யாரும் மாசமாக இல்லை, அதனால் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. கிணற்றடியில் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். இந்த மனுஷனுக்கு மினுக்கு முக்கியம், திருட்டுத்தனமாகப் போய் வழித்துக்கொள்கிறார், முன்னே இரண்டும் எப்படிப் போயிருக்கும் என்று இப்போதல்லவா தெரிகிறது என்றார்கள்.

பூவாத்தாள் ஒருநாள் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள். “ஏனுங்க, எம்மேல சத்தியமாச் சொல்லுங்க. ஒளிஞ்சு போயி வழிச்சுக்கறீங்களா?”

“கத்தியக் கண்ணுல பாத்தே ஆறு மாசமாச்சு பூவா” என்றார் அவர். அவள் நம்பினாளா இல்லையா என்று தெரியாமல் நேரே சலூனுக்கு வந்து, “யோவ், எனக்குத் தாடியக் குடுய்யா” என்று சங்கையாவின் சட்டையைப் பிடித்தார்.

அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆனால் தன் கல்தான் காரணம் என்று சங்கையாவுக்குத் தெரியும். மறுநாளே பாவாவிடம் ஓடி, தவிட்டுக் கல்லை வாங்கிவந்து, அதில் கத்தியைத் தீட்டி, தோல்வாரில் இழுத்து, முடியில்லாத தன் முகத்தில் சோப்பு நுரை போட்டு வழித்தார். இரண்டாம் நாள் காலையில் முள் குத்தியது. பூமாரி தடவிப் பார்த்துச் சிரித்தாள். சங்கையா ஓட்டமும் நடையுமாக ஈஸ்வரமூர்த்தி வீட்டு வாசலுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்.

“ஒரு தடவ வழிச்சாப் போதும்யா. ரெண்டாம் நாளே மொளச்சிரும்.”

சொல்லி முடிக்கும்போதுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. தாடி வர வேண்டுமானால் சவரம் செய்ய வேண்டும். சவரம் செய்யாமல் இருப்பதற்காகத்தானே தாடி. ஈஸ்வரமூர்த்தி தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். ஒரே சவரத்தில் ஊர் வாய் அடங்கிவிடும். ஆனால் கத்தி பட்டு வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

“வேண்டாம் சங்கையா. ஊரு பேசிட்டுப் போகட்டும். கத்தி மட்டும் படக்கூடாது.”

கதவருகே நின்று கேட்ட பூவாத்தாள் அன்று இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள். அதன்பின் கிணற்றடியில் யாராவது ஜாடை பேசினால், “எம்பட புருஷன் மொகத்த நாந்தான பாக்கோணும், நீங்க எதுக்குப் பாக்கறீங்க?” என்று குடத்தை நங்கென்று வைத்தாள். ஐந்தாம் மாதம் கடந்தது. ஏழும் கடந்தது.

ஆடியில், ஒரு புதன்கிழமை நடுப்பகலில் வலி கண்டது. பூமாரி உள்ளே போனாள். சங்கையா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து மாட்டுக்கொட்டகை ஓரம் நின்றார். ஈஸ்வரமூர்த்தி அவரைப் பார்க்கவில்லை, அவரும் ஈஸ்வரமூர்த்தியைப் பார்க்கவில்லை. அழுகுரல் கேட்டது. பூமாரி கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“பொம்பளப் புள்ள. ரெண்டு உசுரும் நல்லாருக்கு” என்றாள். பிறகு, மறந்துவிட்டதைச் சேர்த்துக்கொள்கிறவள் மாதிரி, “தாடி இருக்கு” என்றாள்.

இருந்தது. மார்கழியிலிருந்து எண்ணினால் ஏழு மாதத் தாடி, கருகருவென்று, பிள்ளையின் நெஞ்சுவரை. பூமாரி அதையும் வெந்நீரில் அலசித் துவட்டியிருந்தாள். பூவாத்தாள் பிள்ளையை வாங்கிப் பார்த்தவுடன், “அப்பன் வெக்க முடியாததப் புள்ள வெச்சுருக்குது” என்று சிரித்தாள், சிரிப்பிலேயே அழுதாள். ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து தாடியைத் தொட்டுப் பார்த்தார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை, பேசியதற்கு வெட்கப்பட்டார்கள். விளக்கெண்ணெய் தடவினால் சிக்கு விழாது என்று ஒருத்தி சொன்னாள்.

மறுநாள் ஈஸ்வரமூர்த்தி சலூனுக்கு வந்து, வழவழத்த முகத்தோடு நாற்காலியில் சாய்ந்தார். சங்கையா தவிட்டுக் கல்லில் தண்ணீர் தெளித்து, கத்தியை இருபது முறை தள்ளி, வாரில் இழுத்து, ஒரு முடிகூட இல்லாத கன்னத்தைப் பொறுமையாக வழித்தார். இருவருக்கும் கண் கலங்கியது. இந்த முறை கத்தியின் குற்றமில்லை. இரண்டாம் நாள் அப்பனுக்கு முள் எட்டிப் பார்த்தது, அதே காலையில் பிள்ளைக்கு நாலு முடி உதிர்ந்தது. அப்பனுக்கு ஏற ஏறப் பிள்ளைக்கு உதிர்ந்தது. பேர் வைப்பதற்குள் தொட்டிலடியில் எல்லாம் கொட்டிவிட்டது. பூவாத்தாள் அதைக் கூட்டி அள்ளி எருக்குழியில் போட்டுவிட்டு, உலை வைக்கப் போனாள்.