வில்லர்ட் எழுதிய சான்றுக் கடிதம்

ஒன்பது இருபதுக்கே ஆர்டிஸ் நீல்சன் வண்டியைத் தேவாலயத்தின் பின்வாசலில் நிறுத்திவிட்டாள். நேர்காணல் பத்து மணிக்கு. இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவளுக்கு முன்கூட்டியே வந்து நிற்பது உடம்போடு ஊறிப்போனது. நெப்ராஸ்காவின் மார்ச் காற்று வண்டியை ஆட்டிக்கொண்டிருந்தது. அவள் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டைவிட்டு வெளியே வர முடியாத முதியவர்களை ஆறு வருஷமாக அவள் தன் சபைக்காகப் போய்ப் பார்த்துவருகிறாள். பதினான்கு வீடுகள். இந்த ஜூலை முதல் அது சபையின் முறையான பணியிடம் ஆகிறது. மாவட்டக் குழுவின் சான்று பெற்றவர்தான் அதில் இருக்கலாம். அவளுக்குச் சான்று கிடைக்காவிட்டால் லிங்கன் நகரத்திலிருந்து யாரையாவது வரவழைப்பார்கள். பதினான்கு கதவுகளையும் அந்த ஆள் தட்டுவார்.

ஐம்பத்தெட்டு வயதில் நான்கு பாடங்கள் படித்துத் தேறினாள். முந்நூறு கேள்விகள் கொண்ட மனநலத் தேர்வு எழுதினாள். அவள் பெயரில் குற்றம் எதுவும் இல்லை என்று காவல்துறை எழுதித் தந்தது. பிறகு நான்கு சான்றுக் கடிதங்கள். அதில் ஒன்று அவள் பார்த்துவரும் முதியவர் ஒருவரிடமிருந்து வர வேண்டும். கடிதம் நேராகக் குழுவுக்குப் போகும். அவள் பார்க்கக் கூடாது. அவள் வில்லர்ட் ஹேகனைக் கேட்டாள். தொண்ணூற்றொரு வயது. பொய் சொல்ல வராதவர்.

“வேற ஆளே கிடைக்கலையா ஆர்டிஸ்?” என்று அவளுடைய பாஸ்டர் கேட்டிருந்தார்.

கீழ்த்தள அறையில் குழுவினர் மூவர் இருந்தார்கள். தலைவி போதகர் லொரெய்ன் ஃபிட்ச். பக்கத்தில் சோள விவசாயி ரஸல் ஹார்ம்ஸ், கழற்றிய தொப்பியை முழங்காலில் மாட்டியிருந்தார். மூன்றாமவர் ஒரு இளம் போதகர், குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் அரைமணி நேரம் சுலபமாகப் போனது. கடவுள் தன்னை இந்தப் பணிக்கு அழைத்ததாக அவள் எப்படி உணர்ந்தாள் என்று கேட்டார்கள். மறதி நோய் வந்தவர்களிடம் எப்படிப் பேசுவாள் என்று கேட்டார்கள்.

“ஒரு வீட்டுல உங்ககிட்ட ஒண்ணு சொல்றாங்க. அதை எங்க கொண்டுபோவீங்க?” என்றார் லொரெய்ன்.

“எங்கயும் கொண்டுபோக மாட்டேன். உசுருக்கு ஆபத்து, இல்ல யாராவது அவங்களைத் துன்புறுத்துறாங்கன்னா மட்டும் பாஸ்டர்கிட்ட சொல்வேன்.”

“சரி.” லொரெய்ன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு தாளை எடுத்தார். கோடு போட்ட தாள், பென்சில் எழுத்து. “இதைப் பத்தித்தான் கொஞ்சம் பேசணும். படிக்கிறேன். ‘ஆர்டிஸ் செவ்வாய்க்கிழமை வருவாள். சீட்டாடுவோம். அடிக்கடி தோற்பாள், பழியைச் சீட்டின் மேல் போடுவாள். உங்கள் படிவத்தில் ஜெபத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆறு வருஷத்தில் ஒருமுறை கூட என் வீட்டில் அவள் ஜெபம் செய்தது இல்லை. ரொட்டி நன்றாகச் சுடுவாள். வில்லர்ட் ஹேகன்.’”

இளம் போதகரின் பேனா நின்றது.

“எங்கப்பா இருந்திருந்தா அந்தச் சீட்டுக்கட்டை அடுப்புல போட்டிருப்பாரு,” என்றார் ரஸல். “சும்மா சொல்றேன். ஆனா ஆறு வருஷம்மா! ஒரு தடவைகூடவா?”

“ஒரு தடவைகூட இல்ல.”

“மத்த வீடுகள்ல?”

“கேட்டா பண்ணுவேன். எல்லாரும் கேப்பாங்க.”

“அப்ப இங்க மட்டும் ஏன் இல்ல?”

ஆர்டிஸுக்குக் காரணம் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்பு வில்லர்ட் தன் மகனைப் புதைத்த வாரம் பதினொரு பேர் வரிசையாக வந்து, அவர் சமையலறையில் நின்று கண்ணை மூடி ஜெபித்துவிட்டுப் போனார்கள். பன்னிரண்டாவதாகப் போனவள் அவள். “நீயும் கண்ணை மூடினா, வாசல் அங்க இருக்கு,” என்றார். அவள் மூடவில்லை. மேசைமேல் சீட்டுக்கட்டு கிடந்தது. அதைக் கலைத்தாள். மூன்றாம் ஆட்டத்தில் அவர் சொன்னார், கடவுளோடு தனக்குப் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது என்று. சபைக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னார். அறுபது வருஷம் அந்தச் சபையில் காணிக்கைத் தட்டு ஏந்தியவர்.

“காரணம் இருக்கு. அது அவரு வீட்டு விஷயம்,” என்றாள்.

“சொல்லிட்டா எங்களுக்கு லேசா முடிஞ்சிரும்,” என்றார் ரஸல். “இந்த ரூமைத் தாண்டிப் போகாது.”

“தெரியும்.”

அவர் காத்திருந்தார். அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். சுவரில் வெந்நீர்க் குழாய் டக் டக்கென்று அடித்துக்கொண்டது.

“கொஞ்சம் வெளிய இருக்கீங்களா ஆர்டிஸ்?” என்றார் லொரெய்ன்.

அவள் சமையலறைக்குப் போனாள். யாரோ எலுமிச்சைக் கேக் வெட்டி வைத்திருந்தார்கள். ஒரு துண்டு தின்றாள். தொட்டியில் கிடந்த ஆறு காபிக் கோப்பைகளைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்தாள். சான்று போனால் போகட்டும் என்று நினைத்துப் பார்த்தாள். பதினான்கு முகங்களும் வந்துபோயின. போகட்டும் என்று மனம் சொல்லவில்லை. ஆனால் திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம் என்றும் தோன்றவில்லை. அது அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

கதவருகே ரஸல் தொப்பியோடு வந்து நின்றார்.

“உள்ள வாங்க. அது என் பொண்டாட்டி சுட்ட கேக். எத்தனை?”

“ரெண்டு.”

“மூணாவது எடுத்துக்கங்க. சான்று உங்களுக்குத்தான்.” தொப்பியைத் தலையில் வைத்தார், பிறகு எடுத்தார். “வெளிய போகச் சொன்னப்ப நான் வேண்டாம்னு சொல்ற பக்கந்தான் இருந்தேன். லொரெய்ன் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, ரஸல், நீ படுக்கையில விழுந்தா, உன் வீட்டு விஷயத்தை வெளிய சொல்லாத இவங்க வரணுமா, வேற ஆளு வரணுமான்னு. அப்புறம் நானும் சரின்னுட்டேன்.”

உள்ளே மூவரும் எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சான்றுத் தாள் ஜூன் மாநாட்டில் கையில் கிடைக்கும் என்றார் லொரெய்ன்.

மதியம் இரண்டு மணிக்கு அவள் வில்லர்டின் சமையலறையில் இருந்தாள். அவர் ரொட்டியின் முனையைக் கிள்ளித் தின்றார்.

“என்ன டிரைவரம்மா, படிச்சாங்களா?”

“சத்தமாவே படிச்சாங்க.”

“பொய் ஒண்ணும் எழுதலையே நான்.”

“அடிக்கடி தோக்குறேன்னு எழுதியிருக்கீங்க.”

“அது உண்மை.”

“போன வாரம் யாரு ஜெயிச்சது?”

“போன வாரம் எனக்குக் கண்ணுல மருந்து விட்டிருந்தாங்க.” அவர் சீட்டைக் கலைத்து அவள் முன் வைத்தார். “கொடுத்துட்டாங்களா, இல்லையா?”

“கொடுத்துட்டாங்க.”

அவர் தலையாட்டினார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சந்தோஷப்பட்டது போலத்தான் இருந்தது. அவள் சீட்டை வெட்டினாள். அவர் எடுக்கவில்லை.

“அந்தச் சான்றுத் தாள் கைக்கு வந்துட்டா, அப்புறமும் நான் உன்னை வெளிய போன்னு சொல்ல முடியுமா, முடியாதா?”