பதினாலாம் கட்டில் மூட்டை

சவுதியில் தம்மாம் மரக்கிடங்கில் வேலை பார்த்த பாலகுருவுக்கு இடது இமை வீங்கி நாலு நாளாகியிருந்தது. தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த காட்டு மரத்தோடு ஒரு வகை மூட்டைப்பூச்சியும் வந்து கேம்ப் ரூமில் குடியேறியிருந்தது. இறக்கை வேறு இருந்தது அதற்கு. நம் ஊர் மூட்டை அதன் பக்கத்தில் கடுகு.

ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த கோயம்புத்தூர்க்காரர் சேதுமாதவன், கட்டில் நம்பர் ஒட்டிய பாட்டில்களைக் கொடுத்தார்.

"அவங்கவங்க கட்டில் பூச்சிய உசுரோட புடிச்சுப் போடுங்க. அது வயித்துல கிருமி இருந்தா, கடிபட்டவருக்கு ரத்தம் பார்த்து மருந்து தருவோம். இப்பவே சாப்பிட்டா சரியாயிடும். விட்டா பல வருஷம் கழிச்சு இதயத்தைப் பிடிக்கும். இது கம்பெனி மெடிக்கல் இல்லீங்க."

நல்லாத்தான் சொன்னார், நம்பத்தான் ஆள் இல்லை. கேம்பில் டெஸ்ட் என்றால் ஒரே அர்த்தம்: அன்ஃபிட் என்று வந்தால் விமானம். போன வருடம் எக்ஸ்ரேயில் ஏதோ நிழல் தெரிந்ததென்று அருள்ராஜை ஒரே வாரத்தில் ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து மூத்திரம் கேட்டால்கூட, தெம்பான ஆளிடம் கடன் வாங்கிக் கொடுப்பதுதான் அங்கே வழக்கம்.

பாலகுரு தன் கட்டிலில் கண்ட பூச்சியைச் செருப்பால் அடித்துவிட்டு, பக்கத்துக் கட்டில் பத்மநாபனிடம் போனான். ஆறு வருடமாகத் தும்மல்கூடப் போடாத உடம்பு அது.

"மாப்ளே, ஒன் மூட்டையில ஒண்ணு குடு."

முகம் சுளிக்காமல் பாட்டிலை வாங்கிப்போய், பூச்சியோடு கொண்டுவந்து கொடுத்தான் பத்மநாபன்.

பத்து நாள் கழித்து சேதுமாதவன் வந்து எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். பதினாலாம் நம்பர் பாட்டிலில் மட்டும் கிருமி இருந்தது. அது பாலகுருவின் நம்பர்.

பாலகுரு பத்மநாபனைத் திரும்பிப் பார்த்தான். அவன் அடுத்த வாரம் லீவில் போகிறான், பிறந்து இன்னும் முகம் பார்க்காத மகளைப் பார்க்க. சொன்னால் அவன் வேலை போகும். சொல்லாவிட்டால் அவன் உயிரே போகலாம்.

"சார், அது எங் கட்டில் மூட்டை இல்ல. பத்மநாபன்ட்ட வாங்குனது. அவனுக்குத்தான் ரத்தம் பாக்கணும். லீவுல போறதுக்குள்ள மருந்து குடுத்துருங்க."

பத்மநாபன் முகம் செத்துப்போனது.

"சொந்த மூட்டைய எவனாவது குடுப்பானாடா? நாளைக்கு எந்தலையில விடிஞ்சா? ஒன் தலகாணி உறைக்குள்ளதான் புடிச்சேன்."

சேதுமாதவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ உங்க பாட்டில்ல இருந்தது?"

"அது ஃபோர்மன் ரூம்ல புடிச்சது, சார்."

பாலகுருவுக்கு அழுகை வந்தது. பத்மநாபனுக்கு ஒன்றும் ஆகாதென்று கூடவே ஒரு நிம்மதியும் வந்து தொலைத்தது. சட்டைக் கையை மடித்து நீட்டினான்.

சேதுமாதவன் ஓர் ஊசியை எடுத்தார். பத்மநாபனைப் பார்த்துவிட்டு இன்னொன்றையும் எடுத்தார். பிறகு, பின்னால் நின்ற மற்ற எல்லாரையும் பார்த்தார்.

அவர்கள் தரையைப் பார்த்தபடி, ஒவ்வொருவராகச் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தார்கள்.