கறுப்படித்த வரிசை

"முடிஞ்சு போன வரிசைக்கு சாம்பல் கலர் போடவா, சிவப்பு போடவா?" என்று கணவர் கேட்டார். சாப்பாட்டு மேசை முழுக்க அவருடைய மடிக்கணினியும் தாள்களும். தட்டு வைக்கக்கூட இடமில்லை. "கறுப்பு போடுங்க" என்றேன் எரிச்சலில். நிஜமாகவே போட்டார். எழுத்து மறைந்துவிட்டதும், அதை வெள்ளையாக மாற்றித் தலையைச் சாய்த்து ரசித்தார். வேலை போனது எனக்கு. வேலை தேடுவதும் நான். அந்தத் தேடலுக்கு மேலதிகாரி மட்டும் அவர்.

அவருக்குப் பாட்டில் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற உத்தியோகம். வீட்டையும் விடவில்லை. உப்பு டப்பாவில் 'உப்பு' என்று எழுதி, திறந்த தேதியும் ஒட்டியிருப்பார். எங்களுக்கு நாக்கு என்று ஒன்று இருப்பதே அவருக்கு நினைவில்லை. நான் கணக்கெழுதிக்கொண்டிருந்த அச்சகத்தை மூடிய மறுநாளே, என் விண்ணப்பங்களுக்கென்று ஓர் அட்டவணை போட்டுவிட்டார். நிறுவனம், பதவி, அனுப்பிய தேதி, நிலை, குறிப்பு. மெயிலின் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டார். ஒழுங்காக வைத்துக்கொண்டால் வேலை தானாக வரும் என்றார். அட்டவணைதான் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டு போனது. யார் வந்தாலும் திறந்து காட்டுவார். "நீங்க குடுத்து வச்சவங்க அண்ணி" என்றாள் நாத்தனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தனை வரிசைகளில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவு. நேர்காணலில் அந்தப் பிரிவின் தலைவி துருவித் துருவிக் கேட்டார். முடிந்ததும் லிப்ட் வரை கூடவே வந்து, "மேல கையெழுத்தாகணும், கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றார். அன்று பஸ் பிடிக்காமல் வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். வெகு நாளைக்குப் பிறகு நானும் ஒரு ஆள் என்று தோன்றியது.

கறுப்பை அவர் இன்னும் ரசித்துக்கொண்டிருக்கும்போதே என் போன் அடித்தது. அந்தத் தலைவிதான்.

"உங்க மெயில் பார்த்தேன். விலகிக்கறேன்னு எழுதியிருந்தீங்க. என்னன்னு கேக்கலாமேன்னுதான் கூப்பிட்டேன்."

"எந்த மெயில் மேடம்?"

அந்தப் பக்கம் யாரோ அவரை அழைத்தார்கள். "மத்தியானம் அடுத்தவங்களுக்கு ஆர்டர் போயிடும். அதுக்குள்ள சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

திரும்பித் திரையைப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது ஆஸ்பத்திரி வரிசை. 'விலகல் கடிதம் அனுப்பப்பட்டது' என்று வெள்ளையில் பளிச்சென்று தெரிந்தது.

"நீங்களா அனுப்பினீங்க?"

"ஆமா. பதினஞ்சு நாள் தாண்டிடுச்சே. ஃபாக்டரில தேதி தாண்டின சரக்கை ரேக்ல வச்சிருக்க மாட்டோம். கழிச்சு எழுதிடுவோம். இல்லன்னா மத்ததும் சேர்ந்து குழம்பிடும்." கொஞ்சம் நெளிந்திருந்தாலாவது மன்னித்திருப்பேன். நெளியவில்லை. "அதோட, பதிலே போடாதவங்க பின்னாடி ஏன் தொங்கணும்? நமக்கும் ஒரு மரியாதை இருக்குல்ல?"

நமக்காம். லிப்ட் வரை இவரோடா வந்தார்கள்? இந்த மனிதரை முட்டாள் என்று திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. அதற்கும் ஒரு தகுதி வேண்டும்.

"பொறுத்துக்கச் சொன்னாங்கன்னு உங்ககிட்ட சொன்னேனே?"

"சொன்னே. இங்க பாரு, அதையும் குறிப்புல போட்டிருக்கேன்" என்று நகர்த்திக் காட்டினார். இருந்தது. 'பொறுத்திருக்கச் சொன்னார்கள்.' ஒரு எழுத்துப்பிழை இல்லை.

மடிக்கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அது மடியில் திறந்தே கிடந்தது. ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினேன். அந்தப் பக்கம் மணி அடித்தது. என்ன சொல்வது? மெயில் நான் அனுப்பவில்லை, என் கணவர் அனுப்பினார் என்றா? பெரிய பெரிய தொகைகளை நம்பிக் கொடுக்கப் போகிறவர்களிடமா? சொல்லத்தான் வேண்டும். இன்னும் எடுக்கவில்லை.

கதவில் மெதுவாகத் தட்டும் சத்தம்.

"நீ பேசு, பேசு" என்றார் வெளியிலிருந்து, தொந்தரவு செய்யாத குரலில். "மூடறதுக்கு முன்னாடி சேவ் மட்டும் பண்ணிடு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.