மூன்று கறுப்பு உருண்டைகள்

மூடி போட்ட டப்பாவில் கறுப்பாக, உருண்டையாக எது இருந்தாலும் அது மருந்துதான் என்பது என் மாமனார் மொக்கையனின் தீர்மானம். 1979இல் அந்தத் தீர்மானம் என் மானத்தை வாங்கியது.

கோச்சடையில் எங்கள் மாடி அறையில் ஹருயோ என்ற ஜப்பான்காரப் பெண் தங்கித் தமிழ் படித்துக்கொண்டிருந்தாள். ராமேஸ்வரம் புறப்பட்ட அன்று, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பீங்கான் சிமிழை என்னிடம் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்தாள். அவர்கள் ஊரில் விருந்தாளிக்கு முறைப்படி தேநீர் போடும்போது, அடுப்புக் கரியில் வாசனை உருண்டை போடுவார்களாம். அதை வைக்கிற சிமிழ். உள்ளே மூன்று உருண்டைகள் இருந்தன.

"அம்மா செய்தது. அம்மா இப்போது இல்லை. எப்படிச் செய்தார் என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் அம்மா நினைவு நாள். உங்களுக்குத் தேநீர் போடுவேன்" என்றாள்.

சாமி மாடத்தில் வைத்தேன். நான்காம் நாள் பார்த்தால் சிமிழ் காலி.

"இருமலுக்குத் தின்னுட்டேன் தாயி. அம்புட்டுத்தேன் இருந்துச்சு" என்றார் மாமனார். "நல்லாக் கேட்டுச்சு."

செத்துப்போன ஒருத்தியின் கடைசிக் கைவேலையை இந்த மனுஷர் சவைத்து விழுங்கியிருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் இரண்டு நாள் சோறு வைத்தேன், பேச்சு வைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவரே பஸ் ஏறிச் சிம்மக்கல் போய், நாட்டு மருந்துக் கடையிலிருந்து பொட்டலங்களோடு திரும்பினார். இடித்தார், நாக்கில் வைத்துப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு மறுபடி இடித்தார். சாயங்காலம் மூன்று உருண்டைகளை நீட்டினார். நானும் வாயைத் திறக்காமல் வாங்கிச் சிமிழில் வைத்தேன். அந்தத் திருட்டுத்தனத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஹருயோ வந்தாள். எங்களை உட்கார வைத்து, கரியின் ஓரத்தில் ஒரு உருண்டையை வைத்தாள். வாசனை எழும்பியதும் அவள் கை அப்படியே நின்றது.

"இது அம்மாவுடையது இல்லை."

எனக்குத் தாங்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் சிமிழை மூடிக் கீழே வைத்தாள். பிறகு மாமனாரிடம், "ஐயா, அது என்ன ருசி?" என்று கேட்டாள். 

"கிராம்பு, சந்தனம், அகிலு, தேனு. பொறவு ஒரு பழப் புளிப்பு. அதுதேன் எனக்குப் பிடிபடல. எலந்தவடையப் பிச்சுப் போட்டேன்."

ஹருயோ அழுதுவிட்டாள். "உமே! அம்மா உப்பில் ஊறப்போடுகிற பழம். ஆறு வருஷமாகச் செய்து பார்க்கிறேன். இது சேரும் என்று தெரியவில்லை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கிராம்பு எவ்வளவு ஐயா?"

மாமனார் கண்ணை மூடி, நாக்கால் மேலண்ணத்தைத் தடவிப் பார்த்தார்.